செங்கல் முழுசாக வரும் ஊர், வராத ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் இருபது வருடமாகக் கொத்து வேலை பார்க்கிறேன். எங்கள் திருப்பத்தூர் பக்கம் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தால், சுண்ணாம்புக் காரை தட்டினாலே உதிரும். செங்கல், ஓடு, உத்திரம் எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போகும். இங்கே போன வாரம் இடித்த மாடி வீட்டில் ஒரு கல்கூட முழுசாக வரவில்லை. சிமெண்டு கல்லை விடாது. கம்பியைப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டார்; மீதி மூன்று டிராக்டர், ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரைக்கு. மனசு கேட்கவில்லை. மனை விலை ஏற ஏற நல்ல வீட்டையே இடிக்கிறார்கள்.

டெல்லி புராரியில் 2009 முதல் இடிபாட்டை அரைத்துத் தளக்கல் செய்கிறார்கள். 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளும் வகை பிரித்துக் கொடுக்கத்தான் சொல்லின. சரி, எங்கே கொடுப்பது? வார்டுக்கு ஓர் இடம் ஒதுக்கட்டும், நாங்களே பிரித்துக் கொண்டுவந்து போடுகிறோம்.

ஒரு கொத்தனார்,
அல்சூர், பெங்களூரு