உன் கேள்வித்தாளில் இல்லாத கேள்வி

அழகாபுரம், சேலம்

அன்புள்ள கண்ணு,

மனநோய் உள்ளவர்களை ஊர் எப்படிப் பார்க்கிறது என்ற உன் ஆய்வுக்காக நீ எழுதி அனுப்பிய கேள்வித்தாளை அப்பா ஐந்து ரோட்டில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்காடு மலை முழுக்க நர்சம்மாவாகச் சுற்றியவளிடம் அபிப்பிராயம் கேட்டால், 'சூப்பர்' என்று ஒரு வரி போட்டுவிட்டு விடுவேனா?

முதல் பக்கத்திலேயே, மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால் ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்கிறாய். மலைமேல் நாகலூரில் யாரைக் கேட்டாலும் "அதுக்கென்ன சாமி, வரட்டும்" என்பார்கள். படித்த பொண்ணு பேனாவும் பேப்பருமாக வாசலில் வந்து நின்றால் வேறென்ன சொல்வார்கள்? அந்த வீட்டில் சம்பந்தம் பண்ணுவீர்களா என்று கேள், முகம் மாறும். மனநோயாளிகளுக்காக வேலைசெய்யும் சென்னை ஸ்கார்ஃப் அமைப்பின் ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வை நீதான் எனக்குச் சொன்னாய். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளின் வீட்டார் 159 பேரிடம் கேட்டதில், கல்யாணம் தடைபடும், அக்கம்பக்கத்தார் ஒதுக்குவார்கள், வெளியே தெரியாமல் மறைக்கணும் என்பவைதான் மேலே வந்தன. நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்த சங்கதிதான். சேலத்தில் இருக்கிற டாக்டரை விட்டுவிட்டு நாமக்கல்லுக்கும் ஈரோட்டுக்கும் பஸ் ஏறுகிறவர்கள் எதற்கு ஏறுகிறார்கள் என்று நினைக்கிறாய்?

எனக்கு உறுத்துவது இரண்டாவது பகுதி. சமூகப் பதற்றம், அதாவது நாலு பேர் பார்வைக்கே நடுங்குகிற நோய், உள்ளவர்களை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதையே பத்துக் கேள்வியில் கேட்டிருக்கிறாய். அவர்களை ஊர் நோயாளியாகவே பார்ப்பதில்லை, கண்ணு. பையன் நாலு பேர் முன்னால் பேசாவிட்டால் தைரியமில்லாதவன். பெண் பேசாவிட்டால் நல்ல பெண். பெண் பார்க்கும் சடங்கு ஒன்றில் நானே உட்கார்ந்திருந்தேன். காபித் தட்டைப் பிடித்த கை ஆடி, டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. உதட்டுக்கு மேல் வேர்வை. யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் தட்டை நீட்டிவிட்டு உள்ளே போனவள், அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வெளியே மாப்பிள்ளையின் அத்தை, "என்னா அடக்கம்!" என்று பூரித்துப்போனார். அவள் பள்ளிக்கூடத்தில் யாரும் பார்க்காத மூலையில் உட்கார்ந்துதான் மதியச் சோறு சாப்பிட்டாள். ரேஷன் கடைக்குப் போவதென்றால் முந்தின நாளிலிருந்தே வயிற்றைப் பிசையும். இதெல்லாம் ஊரின் கணக்கில் வரவே வராது. இந்தப் பாராட்டைப் பற்றியும் ஒரு கேள்வி வை.

இன்னொரு பக்கம் பார். இந்த நோயே அடுத்தவர் கண்ணுக்குப் பயப்படுகிற நோய். உளவியலாளர்கள் கிளார்க்கும் வெல்ஸும் 1995-இல் எழுதியதை நீ அனுப்பியிருந்தாயே, இவர்கள் கவனம் முழுவதும் தன்மேலேயே போய்விடும், பேசப்போவதை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பார்கள், கை நடுக்கம் தெரியாமலிருக்க டம்ளரை இறுக்கிப் பிடிப்பார்கள் என்று. அப்படிப்பட்ட ஒருத்தியை மனநல ஓ.பி. வாசலில் சீட்டோடு வரிசையில் நில், பேரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள் என்றால் எப்படி வருவாள்? சர்க்கரை வியாதிக்காரருக்கு ஆஸ்பத்திரி வரிசை வெறும் அலுப்பு. இவளுக்கு அந்த வரிசையே நோயின் உச்சம். ஊர் என்ன நினைக்கிறது என்பதோடு நிறுத்தாதே. ஊர் என்ன நினைக்கும் என்று இவள் நினைக்கிறாள், அதற்காக எதையெல்லாம் தவிர்க்கிறாள் என்று அவளிடமே கேள். அமெரிக்க ஆய்வாளர் புரூஸ் லிங்க் 1989-இல் சொன்னதும் அதுதானே, மனநோயாளியைப் பற்றி ஊர் பேசும் பேச்சை எல்லோரும் சின்ன வயதிலேயே கேட்டு மனதில் போட்டுக்கொள்கிறோம், அந்தப் பேர் நமக்கே வரும்போது அது நம்மையே கடிக்கிறது என்று.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடகரின் படம் போட்ட சட்டையை மாணவர்களுக்கு மாட்டிவிட்டுச் செய்த சோதனை, 2000-இல் வந்தது, அதையும் முன்னுரையில் சேர்த்திருக்கிறாய். சட்டையை அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கால்வாசிப் பேர்தான் கவனித்தார்கள். சரி, ஆறுதலான விஷயம்தான். ஆனால் அதை அப்படியே மலைக்கு ஏற்றாதே. நாகலூர் பஸ்ஸில் ஏறினால் யார் மகள், எங்கே போகிறாள், கையில் என்ன பை என்று நிஜமாகவே பார்ப்பார்கள். இங்கே அந்தப் பயத்தில் பாதி கற்பனை, பாதி அனுபவம். 'யாரும் உன்னைப் பார்க்கவில்லை' என்று சொன்னால் அந்தப் பெண் உன்னை நம்பமாட்டாள். 'பார்த்தால் பார்க்கட்டும், பார்த்தபிறகு என்ன ஆகிறது என்று பார்ப்போம்' என்றால் ஒருவேளை கேட்பாள்.

கடைசிப் பக்கத்தில் விழிப்புணர்வு முகாம் என்று எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். நாங்கள் மாட்டாத படமா, பேசாத மைக்கா! மனநோயாளிகளை ஒதுக்குவதை எப்படிக் குறைப்பது என்று அமெரிக்க உளவியலாளர் கோரிகனின் குழு 2012-இல் 72 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பெரியவர்களிடம் பாடம் நடத்துவதைவிட குணமாகி வாழ்கிறவரோடு நேரில் பழகுவதே அதிகம் மாற்றியது, வளரிளம் பருவத்தினரிடம்தான் பாடம் கூடுதலாக எடுபட்டது. நூறு நாள் வேலையில் நம்ம பக்கத்து அக்கா ஒருவர் மனநோய் மாத்திரையை எல்லோர் முன்னாலும் போட்டுக்கொண்டு, மற்றவர்களைவிட வேகமாக மண் அள்ளுவார். அவரைப் பார்த்துத் தன் தம்பியை டாக்டரிடம் அழைத்துப்போனவர்களை எனக்குத் தெரியும். ஆகவே பள்ளிக்கூடங்களுக்கு உன் பாடத்தை வைத்துக்கொள், பெரியவர்களோடு பேச அந்த அக்காவைக் கேள். ஆனால் அவருக்கு இஷ்டமிருந்தால் மட்டும். ஆய்வுக்காக யாரையும் மேடையேற்றாதே.

14416 எண்ணைக் கேள்வித்தாளின் அடியில் பெரிதாகப் போடு. 2022-இல் வந்த டெலி மானஸ், அரசின் மனநல உதவி போன் எண் அது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள், வரிசை கிடையாது. போனில் பேசவே நடுங்குகிறவர்களும் உண்டுதான், அவர்களுக்கு வீட்டில் இன்னொருவர் பேசிக் கொடுக்கலாம்.

அப்புறம், காபிப் பழம் பறிக்கும் நாட்களில் மலைக்கு வராதே, ஒருவருக்கும் உட்கார நேரமிருக்காது. பொங்கல் கழித்து வா. மருமகள்களிடம் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எதையும் கேட்காதே, தண்ணீர் பிடிக்கப் போகும் நேரம் பார். நானும் கூட வருகிறேன், ஆனால் கேள்வி கேட்கும்போது தள்ளித்தான் நிற்பேன். நர்சம்மா கேட்கிறாள் என்றால் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

அன்புடன்,
அம்மா