அவரும் ஒரு கிராணிதான்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள நண்பா,

முழங்கால் வலி தேவலையா? இங்கே சாயங்காலமானால் மழை. நம் ரப்பர்த் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள் இருந்த இடமெல்லாம் செம்பனை ஆகிவிட்டது. கோயில் மட்டும் நிற்கிறது. சரி, அதை விடு.

பேத்தி ஒரு படப்புத்தகம் கொண்டுவந்தாள். அட்டையில் தங்க நிற வட்டம்; அதற்குள் பிய்த்துக்கொண்டு ஓடும் குதிரை, முதுகில் ஒரு மனுஷன். யார் வரைந்த படம் என்று தேடினால் ராண்டால்ஃப் கால்டிகாட். 1846-இல் இங்கிலாந்தின் செஸ்டரில் பிறந்தவர். அமெரிக்காவில் 1938 முதல் சிறந்த படப்புத்தகத்துக்கு அவர் பெயரில்தான் பதக்கம்; அட்டையில் இருந்த வட்டம் அதுதான்.

படித்ததும் உன் ஞாபகம் வந்தது. அவரும் உன்னைப்போல ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிதான்! 15 வயதிலேயே பேங்க் வேலை. கணக்கு எழுதிக்கொண்டே கிறுக்கியவர், 1872-இல் வேலையை விட்டு லண்டனுக்குப் போய்ப் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் போட்டுப் பிழைத்தார். எட்மண்ட் எவன்ஸ் என்ற அச்சகக்காரர் குழந்தைப் புத்தகத்துக்கு இழுத்தார். விற்றால் காசு, விற்காவிட்டால் ஒன்றுமில்லை என்று பேச்சு. ரப்பர்ப் பால் எடைக்குக் கூலி வாங்கிய நமக்குப் புரியாத கணக்கா? 1878 முதல் 1885 வரை வருஷத்துக்கு இரண்டு புத்தகம், ஒன்று ஒரு ஷில்லிங். எல்லாம் நன்றாகவே விற்றன.

அதில் 'ஹே டிடில் டிடில்' என்ற ஆங்கிலக் குழந்தைப் பாட்டுக்கு வரைந்த ஒரு படம் மனசை விட்டுப் போகவில்லை. தட்டு கரண்டியோடு ஓடிப்போவதோடு பாட்டு முடிந்துவிடும். மனுஷன் விடவில்லை, பாட்டில் இல்லாததை வரைந்திருக்கிறார். தட்டு சுக்குநூறாகக் கிடக்கிறது. கத்தியும் முள்கரண்டியும் கரண்டியை நடுவில் விட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். அப்பா அம்மாவாம்! பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு, ஈப்போ பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் லயத்துக்குத் திருப்பிக் கூட்டிவந்தார்களே, அந்தப் பெண்ணின் முகம்தான் வந்தது.

குளிர் உடம்புக்கு ஆகாதென்று வெயில் தேடி ஃபுளோரிடா போனார். அந்த வருஷம் பார்த்து அங்கேயும் குளிராம். 1886 பிப்ரவரியில் அங்கேயே இறந்துபோனார். நாற்பதுகூட ஆகவில்லை.

ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் தாளின் பின்பக்கம் தோட்டத்துத் துரையைக் கடுவன் பூனையாக வரைந்தாயே, நினைவிருக்கிறதா? பெரிய கிராணி வாய்க்கு வந்தபடி திட்டினார். அப்புறம் மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கை இன்னும் வரைகிறதா?

தீபாவளிக்கு வரும்போது பென்சிலோடு வா. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு எப்படி இருக்கும் என்று பேத்தி கேட்டாள். வரைந்து காட்டினேன். "தாத்தா, இது ஐஸ்கிரீம் கப்பா?" என்கிறாள்.

அன்புடன்,
காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் உன் பழைய கூட்டாளி