தனிப்பயன்பாட்டுக் கேம்பர் வேனுக்குத் தகுதி ஆய்வு செய்து பதிவைப் புதுப்பிக்கக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
மாரியம்மன் கோயில் தெரு, வாய்க்கால் பாலத்துக்குக் கிழக்கே.

பெறுநர்
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்.

நாள்: 11.08.2025

பொருள்: 19.03.2010 அன்று பதிவான கனரகக் கேம்பர் வேன் (சொந்தப் பயன்பாடு) – 15 ஆண்டுகள் முடிந்தமை – உரிய முறையில் ஆய்வு செய்து பதிவைப் புதுப்பித்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள் 24.02.2025, 21.04.2025 (மக்கள் குறைதீர்க்கும் நாள்), 16.06.2025 (பதிவுத் தபால்).

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மூன்று மனுக்களுக்கும் இந்நாள்வரை எழுத்துப்பூர்வமான பதில் கிடைக்கப்பெறாத நிலையில், இந்த நான்காவது மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். தாங்கள் பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகின்றன என்பதையும், முந்தைய மனுக்கள் தங்கள் மேசைக்கே வராமல் இருந்திருக்கலாம் என்பதையும் மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன்.

1. 2008-இல் நடந்த சாலை விபத்தில் என் மனைவிக்குத் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கழுத்துக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. இழப்பீட்டுத் தொகையோடு இரண்டு ஏக்கர் நஞ்சையை விற்ற பணத்தையும் சேர்த்து, புதிய பஸ் சேஸிஸ் (அடிச்சட்டம்) வாங்கி, கரூரில் பாடி கட்டி, படுக்கை, கழிவறை, சமையல் மேடை, சக்கர நாற்காலியை ஏற்றும் லிஃப்ட் ஆகியவற்றுடன் இந்த வாகனத்தைப் பதிவு செய்தேன். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை 16,200 கிலோ என்றும், வகை “கேம்பர் வேன், சொந்தப் பயன்பாடு” என்றும் தெளிவாக உள்ளது. வாடகைக்கு ஒரு நாளும் விட்டதில்லை.

2. மத்திய அரசின் 05.11.2004 நாளிட்ட அறிவிக்கை, சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேனைப் போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் வைத்துள்ளது. அத்தகைய வாகனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 41-இன்படி பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25-இல் விண்ணப்பித்து, ஆய்வுக்கு உட்படுத்தி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். பழைய வண்டிகளுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் எஃப்.சி. (தகுதிச் சான்று) என்பது பிரிவு 56-இன்கீழ் வரும் போக்குவரத்து வாகனங்களுக்கு உரியது. ஆனால் புத்தகப் பதிவுகளைக் கணினியில் ஏற்றியபோது என் வண்டி “ஆம்னி பஸ்” என, அதாவது போக்குவரத்து வாகனமாக, ஏறிவிட்டது. ஏற்றியவர் யாரென்று நான் கேட்கவில்லை. திருத்தித் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

3. பதிவு முடியும் நாளான 18.03.2025-க்கு முன்பே, ஜனவரியிலேயே, படிவம் 25 கொடுத்துவிட்டேன். 03.02.2025 அன்று ஆய்வுத் திடலுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். ரயில்வே கேட்டைத் தாண்டி அந்தத் திடலுக்குத் திரும்பும் வளைவு எவ்வளவு குறுகல் என்பது தாங்கள் அறிந்ததே. முப்பத்தைந்தடி நீள வண்டியை அங்கே திருப்பக் கால் மணி நேரம் ஆனது. ஆய்வாளர் (எங்கள் ஊரில் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே சொல்கிறோம்) கைப்பேசியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, பெர்மிட் எங்கே, எஃப்.சி. எங்கே என்று கேட்டார். இரண்டும் இல்லையென்றதும் திருப்பி அனுப்பிவிட்டார். பிரேக்கை மிதித்துப் பார்க்கவில்லை. உள்ளே ஏறவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆய்விலிருந்து விலக்குக் கேட்டு நான் வரவில்லை. ஏறக்குறைய பன்னிரண்டு டன் எடையுள்ள வண்டி, சொந்த வண்டி என்பதற்காக அதன் பிரேக் பழுதாகாது என்று சொல்ல முடியாது. அதற்குள் அடுப்பு இருக்கிறது, இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறது, 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலாப் பெட்டியில் எரிவாயு உருளையால் தீப்பற்றி யாத்ரீகர்கள் மாண்ட செய்தியைப் படித்த அன்றே, என் வண்டியிலிருந்த உருளையை நானே கழற்றி இறக்கினேன்; எந்த அதிகாரியும் சொல்லிச் செய்யவில்லை. சாமான்கள் அனைத்தையும் ஏற்றி, தொட்டியை நிரப்பி, எடைமேடையில் நிறுத்தி வாங்கிய ரசீதும் (11,840 கிலோ) இணைப்பில் உள்ளது. பஸ்ஸுக்குப் பார்ப்பதையும் பாருங்கள், பஸ்ஸில் இல்லாததையும் பாருங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

4. மார்ச் 18-க்குப் பிறகு வண்டி வேப்பமரத்தடியை விட்டு நகரவில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை என் மனைவியைச் சிகிச்சைக்காக வேலூருக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பத்து நிமிடங்களுக்கு மேல் உட்கார வைத்தால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கிவிடுவார் என்பதால், படுத்தபடிதான் பயணம். இதைத் தங்கள் அலுவலகத்தில் விளக்கியபோது, இருக்கையில் இருந்தவர், “ஆம்புலன்ஸில் போக வேண்டியதுதானே?” என்றார். போனோம் ஐயா, மே மாதம். போகவர 18,000 ரூபாய். ஒன்றரை அடி அகல ஸ்ட்ரெச்சரில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இடமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியே ஆக வேண்டிய உடம்பு அது. சிறுநீர்க் குழாயைச் சரிசெய்ய, நெடுஞ்சாலை ஓரம் ஒரு டீக்கடைக்கு முன்னால், ஆம்புலன்ஸ் கதவுக்குக் குறுக்கே நான் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, என் மகள் உள்ளே வேலையைப் பார்த்தாள். வீடு திரும்பிய மூன்றாம் நாள் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்தது. ஒரு வாரத்தில் படுக்கைப் புண்ணாகி ஓர் எலுமிச்சைப் பழம் அளவுக்குக் குழி விழுந்தது. பதினைந்து ஆண்டுகளில் இந்த வண்டியில் போய்வந்து ஒரு புண் வந்ததில்லை.

பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று காலையில் பத்து நிமிடம் இன்ஜினை ஓட விடுகிறேன். அந்தச் சத்தம் கேட்டதும் அவர் உள்ளே இருந்து, “இன்றைக்குக் கிளம்புகிறோமா?” என்று கேட்கிறார். படுத்திருப்பவரின் கண் மட்டத்துக்கு ஒரு ஜன்னல் வைத்துக் கட்டிய வண்டி அது. வயலையும் வானத்தையும் அவர் பார்ப்பது அதன் வழியாகத்தான். தினமும் நான் என்ன பதில் சொல்வது? “பரிசீலனையில் உள்ளது” என்றா? ஆறு மாதங்களாக எதைப் பரிசீலிக்கிறார்கள்? புத்தகம் என் கையில் இருக்கிறது, அதில் தங்கள் அலுவலக முத்திரை இருக்கிறது, அதைத் திறந்து படிக்க எத்தனை நிமிடம் ஆகும்?

5. தாமதத்துக்காக மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். தாமதம் யாருடையது என்பதைத் தங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன்.

கோபத்தில் வரம்பு மீறி எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். கணினிப் பதிவை ஆர்.சி. புத்தகத்தின்படி திருத்தி, ஆய்வுக்கு ஒரு தேதி கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். பதிவு முடிந்த வண்டியைச் சாலையில் எடுப்பது குற்றம் என்பதால், திடலுக்குக் கொண்டுவர எழுத்தில் அனுமதி தாருங்கள், அல்லது ஆய்வாளரைத் தெருவுக்கு அனுப்புங்கள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் வண்டி கண்ணில் படும், விசாரிக்கவே தேவையில்லை.

புதுப்பிக்க இயலாது என்பதே முடிவானால், அதையாவது எழுத்தில் ஆணையாகத் தாருங்கள். ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யப் பிரிவு 57 எனக்கு வழி வைத்திருக்கிறது. வாய்மொழியாகச் சொன்ன “முடியாது” என்பதை எதிர்த்து நான் எங்கே போவது? அடுத்த வேலூர்த் தேதி செப்டம்பர் 8. அதற்கு முன் வண்டியைப் பார்த்துவிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: ஆர்.சி. புத்தக நகல், படிவம் 25 ஒப்புகை, எடைமேடை ரசீது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல், முந்தைய மனுக்களின் நகல்கள்.