பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர்கடை அக்காவுக்கும் கூட நின்ற எல்லாருக்கும்

வெள்ளத்தில் மூழ்கிய எங்கள் வண்டி, பாட்டா (தாத்தா) பழைய ராணுவ ஜீப்பை வெட்டிச் செய்த டிராக்டர், நேற்று சாயங்காலம் ஸ்டார்ட் ஆகிவிட்டது. கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் எடுத்தோம். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை, ரெண்டு தடவை பிடித்துப் பிடித்து அணைந்தது, அப்புறம் நாலு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து அழுதுவிட்டாள். நானும்தான். இன்றைக்கே எழுதாவிட்டால் யாராவது ஒருவர் பெயர் மனதிலிருந்து நழுவிவிடும் என்ற பயத்தில், கிரீஸ் போகாத கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

மழை எப்படி வந்தது, பழையாறு எந்தப் பக்கமாக உடைத்துக்கொண்டு ஏறியது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர் என்னைவிட அதிகம் இழந்தவர்கள். அதனால் அந்தக் கதைக்குள் போகவில்லை.

முதலில் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வள்ளத்துக் கயிறோடு கடற்கரையிலிருந்து வந்து, இடிந்த ஷெட்டுக்குள்ளிருந்து வண்டியை இழுத்து மேட்டில் ஏற்றிய தம்பிமார், உங்கள் வீட்டுக் கஷ்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தீர்கள், கட்டஞ்சாயா மட்டும் குடித்துவிட்டுப் போனீர்கள். டீசல் காசுகூட வாங்காமல் சேற்றை அள்ளிப்போட்ட ஜேசிபி அண்ணன். ராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற தக்கலை மாமா, போனை எடுத்த உடனேயே "ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதே" என்று சத்தம்போட்டு, பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசல் ஊற்ற வைத்து, ஆயிலைத் திறந்துவிடச் சொல்லி, கையால் மெதுவாகச் சுற்ற வைத்தார். கீழே இறங்கின ஆயில் தண்ணி கலந்து பால்சாயா நிறத்தில் இருந்தது, அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தத் தண்ணியோடேயே எஞ்சினை ஓட்டிப் பேரிங்கைத் தின்ன வைத்திருப்போம். மார்த்தாண்டம் மெக்கானிக், கோட்டாறு லேத் பட்டறை அண்ணாச்சி, எஸ்டேட்டில் நின்றுபோன பழைய மகிந்திரா ஜீப்பிலிருந்து பிஸ்டன் ரிங் கழற்றித் தந்த கீரிப்பாறை நண்பர், எல்லாருக்கும் என் நன்றி. அந்த ரிங் எப்படிப் பொருந்தியது என்று நிறைய பேர் கேட்டீர்கள். மகிந்திரா கம்பெனி இங்கே ஆரம்பத்தில் பூட்டி விற்றது வில்லிஸ் ஜீப்பைத்தான், எங்கள் வண்டியின் எஞ்சினும் அந்த வடிவம்தான், பிறகு வந்த எஞ்சினும் அந்தப் பழைய எஞ்சினின் அடிப்பாகத்தை வைத்து வளர்ந்ததுதான். அதனால் ரிங்கும் பேரிங்கும் நம்மூரிலேயே கிடைத்துவிடும். ஹெட் மட்டும் வேறு மாதிரி, அதற்கான கேஸ்கெட்டை செப்புத் தகட்டில் வெட்டித்தான் போட்டோம்.

இந்த வண்டியை அறியாத பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ரெண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தார்கள். ஒரே வடிவத்தை வில்லிஸ் கம்பெனியும் செய்தது, ஃபோர்டு கம்பெனியும் செய்தது. 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைசக்தி, 6 வோல்ட் கரண்ட். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துப்போட்டவை ஏலத்துக்கு வந்தன. மிலிட்டரி டிஸ்போசல் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். எங்கள் பாட்டா அப்படி வாங்கின ஒரு ஃபோர்டு ஜீப்பையும் இன்னொரு ஜீப்பின் பின் ஆக்ஸிலையும் வைத்து இந்த டிராக்டரையும் புல்வெட்டியையும் செய்தார். சேஸை வெட்டிக் குறுக்கினார், பின்னால் பெரிய சக்கரம் போட்டார். புல்வெட்டிக்கு அவர் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும். ஆக்ஸிலை நட்டுக்குத்தலாக நிறுத்தி, கீழே வரும் முனையில் ஜீப்பின் ஸ்பிரிங் பட்டையையே கத்தியாக மாட்டினார். ஆனால் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடி, வரும் சுற்றை கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றாகக் குறைத்துவிடும், அந்த வேகத்தில் புல் வெட்டுப்படாது, சாய்ந்து படுத்துக்கொள்ளும். பாட்டா மேல்பக்க ஆக்ஸிலை அசையாமல் பூட்டிவிட்டார். ரெண்டு பக்கத்துக்கும் சுற்றைப் பிரித்துத் தருகிற டிஃபரன்ஷியல், ஒரு பக்கம் பூட்டினால் மறுபக்கத்தை இரட்டை வேகத்தில் சுற்றும், போன வேகத்தில் ஒரு பங்கை அவர் அப்படி மீட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை அவர்.

எஞ்சினின் சுழற்சியைப் புல்வெட்டிக்குக் கொண்டுபோக, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துவிடும் டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் ஒரு சின்ன வார்ப்புப் பெட்டி உண்டு. அது ஃபோர்டும் செய்தது இல்லை, வில்லிஸும் செய்தது இல்லை. பாட்டா மரத்தில் அச்சு செதுக்கி வார்த்தெடுத்தது. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஆயில் சீல் மாற்றக் கழற்றி, மற்ற சாமான்களோடு மரப்பெட்டியில் வைத்திருந்தோம். வெள்ளம் அந்தப் பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சினை உயிர்ப்பித்துவிடலாம் என்று எல்லாரும் தைரியம் சொல்லும்போதெல்லாம் நான் வாய்திறக்காமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். அது இல்லாமல் வண்டி ஓடும், ஆனால் பாட்டாவின் வண்டியாக இருக்காது.

இனி அக்காவைப் பற்றி.

பக்கத்து ஊரில் ரோட்டோரம் ஆக்கர்கடை வைத்திருக்கிற அக்கா. எனக்கு முன்பின் பழக்கம் கிடையாது. வெள்ளம் வடிந்த பிறகு வயலிலும் சானல் கரையிலும் ஒதுங்கிக் கிடந்த இரும்பையெல்லாம் யார் யாரோ பொறுக்கி அவர்களிடம் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். அதில் எங்கள் வார்ப்புப் பெட்டியும் இருந்திருக்கிறது. வார்ப்பிரும்பை லாரியில் ஏற்றுவதற்கு முன் சம்மட்டியால் உடைப்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அக்காவும் சம்மட்டியை ஓங்கி ஒரு அடி போட்டிருக்கிறார்கள். அடி ஓரத்தில் விழுந்து சேறு மட்டும் உதிர்ந்திருக்கிறது. உள்ளே நாலு போல்ட். ஒவ்வொரு போல்ட் தலையிலும் வளைத்து எழுதின ஓர் எஃப்.

ஃபோர்டு கம்பெனி தான் செய்த ஜீப்பின் போல்ட்டில்கூட தன் எழுத்தைக் குத்தித்தான் அனுப்பியது. பாட்டா தன் பெட்டியை மாட்டவும் அதே ஜீப்பின் போல்ட்டைத்தான் எடுத்திருந்தார். அக்காவின் மகன் பெயரும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. எங்கள் வண்டி பள்ளி மைதானத்துக்குப் புல் வெட்ட வந்த ஒருநாள், பந்து விளையாட வந்த பையன் வண்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் "அம்மா, அந்த வண்டி முழுக்க எனக்க எழுத்தாக்கும்" என்று சொல்லியிருக்கிறான். எப்போதோ ஒரு சின்னப் பையன் சோறு தின்னும்போது சொன்ன விஷயம். அதை அந்த அம்மா மறக்கவில்லை. சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குள்ளும் சேறு கிடந்தது. நான் போகும்போது பாயும் தலையணையும் மதிலில் காய்ந்துகொண்டிருந்தன. பிள்ளையின் புத்தகங்களை ஒவ்வொரு தாளாகப் பிரித்து அரிவட்டியில் பரப்பியிருந்தார்கள். அதற்கு நடுவிலும் எங்கள் பெட்டியைக் கழுவி, துடைத்து, துருப்பிடிக்கக் கூடாது என்று தேங்காய் எண்ணெய் தடவி, பழைய சாரத்தில் (லுங்கியில்) சுற்றி, உயரத்தில் எடுத்து வைத்திருந்தார்கள். வீட்டில் தாளிக்க வைத்திருந்த எண்ணெய். சாரத்தைப் பிரித்ததும் எண்ணெய் வாசனை வந்தது பாருங்கள், அதோடு நான் அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

லாரிக்காரர் நல்ல விலை சொல்லியிருக்கிறார். வெள்ளத்துக்குப் பிறகு கையில் காசு இல்லாத நேரம் அது, ஒவ்வொரு கிலோவும் அவர்களுக்குக் கணக்குத்தான். எடைக்குக் கொடுத்த காசையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் எவ்வளவோ கெஞ்சினேன். "எடுத்துட்டுப் போ மக்கா. இது ஆக்கர் இல்ல, சாமானாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் போய்விட்டார்கள். வாசல் வரை வந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "கிரவுண்டுல புல்லு வெட்ட இனியும் வருவியா? பய கேட்டுட்டே கெடக்கான்."

அக்கா, வருவேன். இதை உங்கள் மகன் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

சம்மட்டி பட்ட ஓரத்தில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. லேத் அண்ணாச்சி அதை நிரப்பிச் சமம் பண்ணித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அது அப்படியே இருக்கட்டும். பாட்டா கை வைத்த பெட்டியில் அக்காவின் கையும் பட்டிருக்கிறது.

பெட்டியைத் திரும்ப மாட்டும்போது அலைன்மெண்டில் ஒரு சந்தேகம் வந்தது. அதைத் தீர்த்துவைத்தவர் அமெரிக்காவில் எம்பயர் டிராக்டர் வைத்திருக்கிற ஒரு பெரியவர். அளவுகோலை வைத்து வைத்துப் படமெடுத்து அனுப்பினார். எம்பயர் என்பது பிலடெல்பியாவில் 1946 முதல் 1948 வரை வில்லிஸ் ஜீப்பின் எஞ்சினையும் மற்ற பாகங்களையும் வைத்துச் செய்த டிராக்டர். அவருடைய படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இங்கே எங்கள் பாட்டா செய்ததை, அவரை அறியாத மனிதர்கள் அங்கே ஒரு கம்பெனியாகவே வைத்துச் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் விக்கர்ஸ் கம்பெனி போரில் ஓடின ஷெர்மன் டாங்கிகளைப் பிரித்து ஷெர்விக் என்று ஒரு டிராக்டர் செய்தது, ஆப்பிரிக்காவில் இன்றைய தான்சானியாவின் பகுதியான தாங்கனிகாவில் நிலக்கடலை போடக் காடு திருத்துவதற்காக. கடலைக்கு டாங்கி! அந்தத் திட்டம் தோற்றுப்போனது வேறு விஷயம். லேண்ட் ரோவரின் முதல் மாதிரியைக்கூட 1947-ல் ஒரு ஜீப் சேஸின் மேல்தான் கட்டினார்கள். புது இரும்பு கிடைக்காத காலம், ஆனால் போர் விட்டுப்போன இரும்பு மலைமலையாகக் கிடந்தது. வயிறு பசித்த ஜனங்கள் அதிலிருந்து கலப்பைக்கு ஆனதைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். இந்த வண்டிகளில் மிச்சமிருப்பவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை உடைபட்டு உருக்கப்பட்டுவிட்டன. ஓங்கின சம்மட்டியை நிறுத்த ஆள் இல்லாமல் போன இடங்கள் எத்தனையோ என்று இப்போது தோன்றுகிறது.

நான் தீர்மானித்தவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு நீங்களே என்னைக் கேட்கலாம். இந்த வண்டி என் காலத்தில் விலைக்குப் போகாது. பள்ளி மைதானத்துக்கு எப்போது கூப்பிட்டாலும் காசு வாங்காமல் புல் வெட்டிக் கொடுப்பேன். அந்த வார்ப்புப் பெட்டியின் அளவு முழுவதையும் வரைந்து, மரத்தில் புது அச்சு ஒன்று செய்து வைக்கிறேன், இப்படி வண்டி வைத்திருக்கிற யாருக்குத் தேவையென்றாலும் தருவேன். அக்காவின் மகன் லீவு நாளில் பட்டறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வால்வு இடைவெளி (கேப்) வைப்பதில் ஆரம்பித்து எனக்குத் தெரிந்த வேலையெல்லாம் அவனுக்குச் சொல்லித்தருவேன். ஆனால் பள்ளிக்கூடத்தைக் கட் அடித்துவிட்டு வந்தால் உள்ளே விடமாட்டேன், அதையும் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

மைதானம் காய்ந்ததும் வண்டியைக் கொண்டுவருகிறேன். முதல் சுற்றில் அக்காவின் மகன் என் பக்கத்தில் உட்காருவான். வள்ளத்துக் கயிறு ரெண்டு கட்டு இன்னும் என் வீட்டில் இருக்கிறது, அதையும் வண்டியிலேயே கொண்டுவருகிறேன், யாரும் எடுக்க வந்து அலைய வேண்டாம். இன்னும் ஒன்று, வெள்ளத்தில் பாட்டா படங்கள் எல்லாம் நனைந்து ஒட்டிப்போய்விட்டன. பழைய கல்யாண ஆல்பத்திலோ அறுப்புக்களத்தில் எடுத்ததிலோ, ஓர் ஓரத்திலாவது இந்த வண்டி நிற்கிற படம் யார் வீட்டிலாவது இருந்தால் அன்றைக்குக் கொண்டுவாருங்கள். போனில் ஒரு படம் எடுத்துவிட்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுகிறேன்.