ஒத்திகைக்கு நேரம் கொடுங்கள்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் ஆண்டு விழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் எனக்கு அழைப்பு வரும். "இருபது நிமிஷ நாடகம் ஒன்று வேண்டும். நன்றாகப் பேசுகிற பிள்ளைகளை நாங்களே பார்த்து எடுத்து வைத்துவிட்டோம்" என்பார்கள். அந்த இரண்டாவது வாக்கியம் என்னை ஒவ்வொரு முறையும் வருத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

நன்றாகப் பேசுகிற பிள்ளைகளுக்கும் நாடகம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, ஏற்கெனவே துணிச்சல் உள்ள பிள்ளைகளை மேடையேற்றி, தன்னம்பிக்கையை வளர்த்துவிட்டோம் என்று பேசுகிறோம். இருந்ததைக் காட்டினோம். வளர்த்தது எங்கே?

நான் கேட்பது பெரிய அரங்கமோ, விலை உயர்ந்த ஒலி ஒளி அமைப்போ இல்லை. ஒத்திகைக்கு நேரம் கேட்கிறேன். பிள்ளைக்குள் ஏதாவது மாறுகிறது என்றால் அது ஒத்திகையில்தான் மாறுகிறது. விழா நாளில் நீங்கள் பார்ப்பது அதன் முடிவை மட்டும்.

நான் பயிற்சி கொடுத்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே தலையைக் குனிந்துகொள்வான். நாடகத்தில் தபால்காரராக வரும் அவனுக்கு ஒரே ஒரு வசனம்: "அம்மா, கடுதாசி வந்திருக்கு." முதல் ஒத்திகையில் அதைத் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துச் சொன்னான். சத்தமாகப் பேசு என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்டுக் கேட்டே சுருங்கிப்போனவன் அவன். எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ரொம்ப தூரத்திலிருந்து" என்றான். நடந்தா? "சைக்கிள். ஆனா பஞ்சர். தள்ளிக்கிட்டே வந்தேன்." பஞ்சர் அவனே சேர்த்துக்கொண்டது. கடிதத்தில் என்ன இருக்கிறது, உனக்குத் தெரியுமா? இதற்கு வெகுநேரம் பதில் இல்லை. பிறகு சொன்னான்: "தெரியும். நல்ல சேதி இல்ல. ஆனா நான் சொல்லக் கூடாது."

அடுத்த முறை அவன் மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே வந்தான். புறங்கையால் கழுத்தைத் துடைத்தான். அம்மாவாக நடித்த பெண் நிமிர்ந்து பார்க்கும்வரை வசனத்தைச் சொல்லாமல் நின்றான். மற்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள். எல்லோரும் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவனுக்கும் தெரிந்தது. அவன் அவசரப்படவில்லை.

கூச்சமுள்ள பிள்ளையின் கவனமெல்லாம் தன் மேலேயே இருக்கும். என் குரல் எப்படிக் கேட்கிறது, கையை எங்கே வைப்பது, யார் சிரிக்கிறார்கள் என்பதே நினைப்பாக இருக்கும். செய்வதற்கு ஒரு வேலையும் வந்ததற்கு ஒரு காரணமும் கிடைத்தால் அந்தக் கவனம் வெளியே திரும்பிவிடும். சைக்கிள் தள்ளிய களைப்பும் சொல்லக்கூடாத சேதியும் அவனுக்கு அதைச் செய்தன. இன்னொன்றும் உண்டு. வேடம் ஒரு மறைப்பு. தடுமாறினால் தபால்காரர்தான் தடுமாறினார், அவன் இல்லை. அந்த மறைப்புக்குள் நின்று திரும்பத் திரும்பப் பேசிப் பார்க்கிற குரல் நாளடைவில் அவனுடைய சொந்தக் குரலாகிவிடுகிறது. இதற்கெல்லாம் வாரக்கணக்கில் நேரம் வேண்டும். விழாவுக்கு முந்தைய அவசரத்தில் வசனத்தை மனப்பாடம் செய்ய வைக்கலாம், அதற்குமேல் எதுவும் நடக்காது.

அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஹாலிவுட்டின் மிகப் புகழ்பெற்ற குரல்களில் ஒன்று அவருடையது. அந்த மனிதர் சிறுவயதில் திக்குவாயால் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பள்ளியில் பேசாமலே இருந்தவர். அவர் கவிதை எழுதுவதைக் கண்டுகொண்ட ஓர் ஆசிரியர், இது நீ எழுதியதுதான் என்றால் வகுப்பின் முன் நின்று பார்க்காமல் சொல் என்றார். சொன்னார், திக்கவில்லை. பிறகு மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், அங்கே நாடகத்துக்கு மாறினார். எல்லாத் திக்குவாயும் இப்படிச் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். தனக்குள்ளே பேச்சு இருக்கிறது என்பதைப் பிள்ளை ஒரு முறையாவது தன் காதால் கேட்க வேண்டும். அப்படிக் கேட்காத பிள்ளையிடம் "நீ என்னவாக விரும்புகிறாய்?" என்று கேட்டுப் பயனில்லை. அது யாராவது சொல்லிக்கொடுத்த பதிலைத்தான் சொல்லும்.

இதைச் சொன்னால் ஒரு பெற்றோராவது எழுந்து, "நடிகனாக்குவதற்கா பள்ளிக்கு அனுப்புகிறோம்?" என்று கேட்பார். நியாயமான கவலைதான், அவர்களிடம் நாம் பொறுமையாகப் பேச வேண்டும். கடிதம் கொண்டுவந்த பையன் நடிகனாகவில்லை. அடுத்த நாடகத்தின்போது என்னிடம் வந்து, "எனக்கு இன்னும் ரெண்டு வசனம் வேணும்" என்றான். எந்த லட்சியமும் இப்படித்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். தனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கத் தெரியாத பிள்ளை, பின்னாளில் மேற்படிப்பையும் கேட்காது, நல்ல வேலையையும் கேட்காது.

மேடைக்குப் பின்னால் நடப்பதை நீங்கள் ஒரு நாளாவது வந்து பார்க்க வேண்டும். நடிக்கவே மாட்டேன் என்று உறுதியாகச் சொன்ன ஒரு மாணவியிடம் மேடைப் பொருட்களின் பொறுப்பைக் கொடுத்தோம். எந்தக் காட்சியில் எந்தப் பொருள், யார் கையில், எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போகும் என்று கோடு போட்ட நோட்டில் அட்டவணை எழுதினாள். நாற்காலி நிற்க வேண்டிய இடங்களைத் தரையில் சாக்பீஸால் குறித்தாள், காட்சிக்கு ஒரு நிறம். ஒரு நாள் கதாநாயகன் சொம்பை வேறு இடத்தில் வைத்துவிட்டு வந்தான். "நீ வெச்ச இடத்துல அடுத்த காட்சியில அவ தேடுவா" என்று அவனை நிறுத்திச் சொன்னாள். அதுவரை அவள் அவனிடம் பேசியதே இல்லை. ஒளியமைப்பு, உடை, பின்னணி இசை, வசனத்தை எடுத்துக்கொடுப்பது, செட் வரைவது என்று ஒரு நாடகத்தில் எத்தனையோ வேலை. படிப்பில் பின்தங்கியவள் என்று எழுதப்பட்ட பிள்ளைக்கு இவற்றில் ஏதாவது ஒன்றில் நிச்சயம் கை படியும்.

இனி, உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கக்கூடியதையும் சொல்லியாக வேண்டும். நாடகம் தன்னம்பிக்கையை வளர்க்கும் என்பதைப் போலவே அதை உடைக்கவும் செய்யும். நிறமாக இருக்கும் பிள்ளைக்கு இளவரசி வேடம், கறுப்பாக இருக்கும் பிள்ளைக்கு அரக்கி வேடம், குண்டாக இருக்கும் பையனுக்குச் சிரிப்பு வேடம் என்று பிரித்துக் கொடுத்தால், அந்த வயதில் பிள்ளை தன்னைப் பற்றிப் படிக்கும் பாடம் அதுவாகத்தான் இருக்கும். அரக்கி வேடம் மட்டமில்லை, நடிப்பதற்கு அதில்தான் நிறைய இருக்கிறது. ஆனால் அதை விரும்பிக் கேட்ட பிள்ளைக்குக் கொடுங்கள், தோலைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். ஒத்திகையின்போது வேடங்களைச் சுழற்சியில் மாற்றி, எல்லோரும் எல்லாவற்றையும் நடித்துப் பார்க்கட்டும். யாருக்கு எது என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம்.

அடுத்தது, குரலைப் பதிவு செய்து ஓடவிட்டு, பிள்ளைகளை வாயசைக்க மட்டும் சொல்லும் பழக்கம். விழா பிசகில்லாமல் நடக்கும் என்பதற்காகச் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பிள்ளைக்கு அது தரும் செய்தி ஒன்றுதான்: உன் குரலை நாங்கள் நம்பவில்லை. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். ஒரு வசனம் மறந்துபோகட்டும், பக்கத்தில் நிற்கும் தோழி சமாளிக்கட்டும். அந்தச் சமாளிப்பைப் போல அந்த நாடகத்தில் அவர்கள் கற்றுக்கொள்ளும் பாடம் வேறு இருக்காது.

மதிப்பெண் குறைந்தவர்களை நாடகத்திலிருந்து எடுத்துவிடுவதும் நடக்கிறது. குழந்தை உரிமைகள் குறித்து ஐ.நா. பொது அவை 1989 நவம்பர் 20 அன்று ஏற்ற உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் கலைகளில் பங்கேற்பதும் குழந்தையின் உரிமை என்கிறது. உரிமையைப் பரிசாக நீட்டுவதும் தண்டனையாகப் பிடுங்குவதும் பள்ளிக்கு அழகில்லை.

மதிப்பெண் பற்றியும் உண்மையைப் பேசிவிடுவோம். கலை கற்றால் கணக்கில் நூறு வாங்கலாம் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். கலைக்கல்வியை ஆராயும் எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2000-இல் வெளியிட்டபோது, பரவலாகச் சொல்லப்பட்ட பல பலன்களுக்குப் போதிய சான்று இல்லை என்றே கண்டார்கள். ஆனால் வகுப்பறை நாடகம் மொழித்திறனை வளர்க்கிறது என்பதற்கு உறுதியான சான்று இருந்தது. 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் உளவியலாளர் கிளென் ஷெல்லன்பெர்க் 144 ஆறு வயதுக் குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து ஓராண்டு கவனித்தார். இரண்டு குழுக்களுக்கு இசை, ஒன்றுக்கு நாடகம், ஒன்றுக்கு எதுவும் இல்லை. இசை கற்றவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடியது. நாடகக் குழுவில் கூடியது வேறு: பிறரோடு பழகும் பாங்கு மேம்பட்டதாகப் பெற்றோரின் மதிப்பீடுகள் காட்டின. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், 42 பள்ளிகளில் எவற்றுக்குக் கூடுதல் கலை வகுப்புகள் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2019-இல் வந்தது. கலை வகுப்புகள் கூடிய பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மாணவர்களின் பங்கு 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது, எழுத்துத் தேர்வில் மதிப்பெண் கூடியது, பிறர்மேல் பரிவும் கூடியது. பெற்றோர் கூட்டத்தில் தயங்காமல் எடுத்துச் சொல்லக்கூடிய பலன்கள் இவை. ஆனாலும் என்னைக் கேட்டால், இவை எதுவும் இல்லாவிட்டாலும் கூட நான் இந்த மடலை எழுதியிருப்பேன்.

எப்படித் தொடங்குவது என்று யோசிக்கும் ஆசிரியர்களுக்கு வழிகாட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அமெரிக்க நாடக ஆசிரியை வயோலா ஸ்போலின், சிகாகோவில் குடியேறியோரின் பிள்ளைகளோடு வேலை செய்தபோது, பாடமாக எதையும் நடத்தாமல் விளையாட்டுகளின் வழியே நடிப்பைக் கொண்டுவந்தார். சபாஷுக்காக ஏங்குவதும் திட்டுக்குப் பயப்படுவதும் பிள்ளையின் இயல்பைக் கட்டிப்போடும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நம் வகுப்பறைகளுக்கு இதைவிடத் தேவையான பாடம் இல்லை. பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் இன்னொரு வழி காட்டினார். ஓர் அநீதியை நடித்துக் காட்டுவார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர் நாடகத்தை நிறுத்தி, உள்ளே வந்து, அந்த இடத்தில் தான் என்ன செய்திருப்பேன் என்று நடித்துக் காட்டலாம். சக மாணவர்களால் கேலி செய்யப்படும் பிள்ளை, "வேண்டாம், நிறுத்து" என்று சொல்வதை முதலில் பாதுகாப்பான ஓர் அறையில் பத்து விதமாகச் சொல்லிப் பார்க்க முடிந்தால், வெளியே ஒரு விதமாகவாவது சொல்ல வரும்.

ஓவியத்துக்கும் இதே நிலைதான். பலகையில் வரைந்ததை அப்படியே பார்த்து வரையச் சொல்லி, ஒற்றுமைக்கு மதிப்பெண் போட்டால் பிள்ளையின் கை ஆசிரியரின் கையாகிவிடும். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இப்போது நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த கல்வியாண்டின் நேர அட்டவணை உங்கள் மேசைக்கு வரும்போது, எல்லா வகுப்புக்கும் வாரத்தில் ஒரு நாள் அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளை நாடகத்துக்கென்று எழுதுங்கள். தேர்வு நெருங்கும்போது எந்தப் பாடத்துக்கும் அதைக் கடனாகத் தரமாட்டோம் என்று ஆசிரியர் கூட்டத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால்தான் நிற்கும். மேடை வேண்டாம், பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளினால் போதும். தனிப் பயிற்சியாளருக்கு நிதி இல்லையென்றால் ஆர்வமுள்ள இரண்டு ஆசிரியர்களை விடுவியுங்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னைப் போன்றவர்கள் பலர் மனதாரத் தயாராக இருக்கிறோம். முதல் பருவத்தில் நிகழ்ச்சி எதையும் எதிர்பார்க்காதீர்கள். பருவம் முடிந்ததும் வகுப்பாசிரியரைக் கூப்பிட்டு, இதுவரை பேசாமல் இருந்தவர்களில் யார் யார் இப்போது கையைத் தூக்குகிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு, இரண்டாம் பருவத்துக்கு என்ன செய்வது என்பதை முடிவு செய்யுங்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தி