ஆழ்கடல் படிப்புக்கும் வழி காட்டுங்கள்

ஐயா,

என் மகள் நாகையில் பிளஸ் டூ படிக்கிறாள். சென்ற மாதம் துறைமுகத்தில் விசைப்படகு இறக்கிய கழிசல் மீன் குவியலிலிருந்து விரல் நீள மீன் ஒன்றை எடுத்து வந்தாள். கறுத்த உடம்பு, தலைக்குப் பொருந்தாத பெரிய கண், வயிற்றோரம் பொட்டு வைத்தாற்போல வரிசையாகப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் இருட்டில் ஒளி விடும் உறுப்புகளாம். அன்றிலிருந்து ஆழ்கடல் உயிரியல்தான் படிப்பேன் என்கிறாள்.

சரி, எங்கே படிப்பது? பள்ளியில் கேட்டால் நீட், அதை விட்டால் இன்ஜினீயரிங். நாங்களே விசாரித்துத்தான் தெரிந்துகொண்டோம்: பிளஸ் டூவில் உயிரியல், அப்புறம் பி.எஸ்சி. விலங்கியல், அதன்பின் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் எம்.எஸ்சி. கொள்ளிடத்தைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். இவ்வளவு பக்கத்தில் இருப்பது இங்கே பலருக்குத் தெரியாது!

மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கியைச் சென்னையில்தான் உருவாக்குகிறார்கள். 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் மங்கி, 1,000 மீட்டரில் முழு இருட்டாகிவிடும். அங்கே வாழும் உயிர்களில் இன்னும் பெயர் வைக்கப்படாதவை ஏராளம். அவற்றைப் பார்க்கப் போகிறவர்களில் வலை இழுக்கும் வீட்டுப் பிள்ளைகளும் இருக்க வேண்டாமா?

பூம்புகார் முதல் கோடியக்கரை வரையுள்ள அரசுப் பள்ளிகளின் உயிரியல் மாணவர்களை ஆண்டுக்கு ஒருநாள் பரங்கிப்பேட்டைக்கு அழைத்துப்போகக் கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு தாய், நாகப்பட்டினம்