எட்டாம் நம்பர் ஸ்பேனர் உன்னிடம்தான் இருக்கிறது

பேராவூரணி,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கையில் பெட்ரோல் வாடை. இன்றைக்குத்தான் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். திருச்சி வெயிலில் கண்ணாடி போடாமல் திரியாதே.

என் கதை வேறு. கஜா புயலுக்கு அப்புறம் ஒரு செயின்சா வாங்கினேனே, ஞாபகம் இருக்கிறதா? 2018 நவம்பர் 16, விடியற்காலை. அன்றைக்கு விழுந்த தென்னைகளை அப்புறப்படுத்த ஊரில் மரம் அறுக்கும் ஆளும் கிடைக்கவில்லை, மெஷினும் கிடைக்கவில்லை. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் திசைக்கொரு மெஷின் அலறிக்கொண்டிருந்தது. நானும் கடன் வாங்கி ஒரு 58 சிசி மெஷின் வாங்கினேன். என் கையால் நட்ட மரங்களை என் கையாலேயே துண்டு போட்டேன். வேலை முடிந்ததும் மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றியவன், அப்புறம் ஒன்றிரண்டு தடவை விறகுக்கு இறக்கியதோடு சரி. அந்தச் சத்தம் எனக்கு ஆகவில்லை.

இப்போது போர்வெல் பக்கத்தில் நிற்கும் தென்னையில் சிவப்புக் கூன்வண்டு. தண்டில் காதை வைத்தால் உள்ளே மென்று தின்கிற சத்தம் கேட்கிறது. குருத்து சாய்ந்துவிட்டது, இனி பிழைக்காது. விட்டுவைத்தால் பக்கத்து மரத்துக்கும் பரவும், வெட்டித்தான் ஆகவேண்டும். கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன, அவற்றுக்கும் பரவ விடுவேனா? மெஷினை இறக்கினேன்.

சோக் போட்டு இழுத்தால் உறுமும். ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் செத்துப்போகும். டவுனில் ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் மெஷினைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "கார்புரேட்டர் போச்சு, புதுசு மாத்திருங்க" என்றார். பார்க்காமல் சொல்கிற வைத்தியத்தில் நமக்கு என்றைக்கு நம்பிக்கை இருந்தது? திரும்பி வந்துவிட்டேன்.

உன் பாடம்தான் கைகொடுத்தது. டிவிஎஸ் 50 காலத்தில் நீ சொல்வாயே, முதலில் பிளக், அப்புறம் பெட்ரோல், கடைசியில்தான் கார்புரேட்டர் என்று. அப்படியே போனேன். பிளக்கில் நல்ல நீலப்பொறி. டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தேன், காற்றடைப்பு இல்லை. டேங்குக்குள் ஒரு ஃபில்டர், ரப்பர் குழாயின் நுனியில் தூண்டில் ஈயம் மாதிரி தொங்குகிறது. மெஷினை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது எடைக்குப் பெட்ரோல் இருக்கிற பக்கமே போய் விழும். அதைக் கம்பியால் கொக்கி போட்டு வெளியே இழுத்துப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தது. மிச்சம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடுகிற கார்புரேட்டர்.

திண்ணையில் பழைய தினசரியை விரித்து, திருகாணி போட்டுவைக்க எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். (அந்தத் தட்டு இனி மாட்டுக்கொட்டகைக்குத்தான் என்று உன் தங்கச்சி சொல்லிவிட்டாள்.) மேல்மூடியைக் கழற்றினால் மரத்தூளும் செயின் ஆயிலும் குழைந்து புண்ணாக்கு மாதிரி அப்பிக்கிடந்தது. சோக்கை மூடி வைத்துவிட்டுத்தான் ஏர் ஃபில்டரை எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குப்பை நேரே தொண்டைக்குள் இறங்கும். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்த பிறகு பார்த்தால், கார்புரேட்டரைப் பிடித்திருப்பது இரண்டே நட்டு. எட்டாம் நம்பர். என் எட்டாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். எதிர்வீட்டில் இரவல் வாங்கினேன்.

நட்டு வந்துவிட்டது, கார்புரேட்டர் வரவில்லை. ஆக்ஸிலேட்டர் கம்பியின் நுனி வளைந்து ஒரு சின்ன ஓட்டைக்குள் மாட்டியிருக்கிறது. நேராக இழுத்தால் வராது. கார்புரேட்டரைப் பாதி வெளியே எடுத்து, லேசாகச் சாய்த்துத் திருப்பினால் தானாகக் கழன்றுகொள்ளும். அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம். பெட்ரோல் குழாயையும் பிடித்து இழுக்கக்கூடாது, பழைய ரப்பர் பிய்ந்துவிடும். முதலில் இப்படியும் அப்படியும் திருகித் தளர்த்தவேண்டும். கடைசியில் இன்ஜின் வாயில் வெள்ளைத்துணியைச் சுருட்டி அடைத்தேன். திருகாணி எதுவும் உள்ளே விழுந்தால் பிஸ்டன் கதை முடிந்தது.

தம்பி மகன் ஐடிஐயில் படிக்கிறான். பக்கத்தில் நின்றவன், "பெரியப்பா, கழட்டக் கழட்ட போட்டோ எடுத்துக்கிறேன்" என்றான். எனக்கு ரோஷம். "நாங்க போட்டோ பாத்தா டிவிஎஸ் பிரிச்சோம்?" என்றேன். அவன் காதில் வாங்காமல் எடுத்துக்கொண்டே இருந்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

மாப்பிள்ளை, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இரண்டு தீப்பெட்டியைச் சேர்த்த அளவுதான் இருக்கிறது. நம் டிவிஎஸ்ஸில் கிண்ணமும் மிதவையும் இருக்குமே, இதில் ரெண்டும் இல்லை. மரம் அறுக்கிறவன் மெஷினைப் படுக்க வைப்பான், தலைகீழாகப் பிடிப்பான். கிண்ணம் இருந்தால் பெட்ரோல் வழிந்துவிடுமே. அதனால் இரண்டு பக்கமும் டயாஃப்ரம் என்று துவளுகிற மெல்லிய தகடு வைத்திருக்கிறார்கள். ஒன்று டேங்கிலிருந்து இழுப்பது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிராங்க் அறையில் அழுத்தமும் உறிஞ்சலும் மாறி மாறி வருமில்லையா, அது ஒரு சின்ன ஓட்டை வழியாக வந்து இந்தத் தகட்டைத் துடிக்க வைக்கிறது. கொல்லன் பட்டறைத் துருத்திதான், போ. இன்னொரு தகடு எவ்வளவு பெட்ரோல் தேவையோ அந்த அளவுக்கு ஊசியைத் திறந்து மூடுகிறது.

ஒரு பக்கம் ஒரே திருகாணி, மறுபக்கம் நான்கு. நான்கு உள்ள பக்கத்தைத் திறந்தேன். டயாஃப்ரம் கொழுந்து வெற்றிலை மாதிரி துவளவேண்டும். விரலால் அமுக்கினேன், அப்பளம் மாதிரி 'டக்' என்றது. விறைத்துப்போன தகடு ஊசியை எப்படித் திறக்கும்? எதிர்ப்பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு சல்லடை, அதன் மேல் பழுப்பாகப் பிசின். எல்லாம் என் தப்பு. பாதி டேங்க் பெட்ரோலோடு பரணில் போட்டவன் நான்தானே. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ரப்பருக்கும் ஆகாது.

ரிப்பேர் கிட் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைத்தது. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க எச், எல் என்று இரண்டு ஸ்க்ரூ இருக்கின்றன. அவற்றை எடுப்பதற்கு முன்னால், மூடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் காலண்டர் தாளில் குறித்துவைத்தேன். ஓட்டைகளில் கம்பி விடவில்லை. துவாரம் பெரிதாகிவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் சரியாக ஓடாது. பெட்ரோலில் ஊறவைத்து சைக்கிள் பம்பால் ஊதினேன். ஊசியின் அடியில் இருக்கிற ஸ்பிரிங் அரிசி நீளம்கூட இல்லை. ஒரு தடவை துள்ளிப் போய்த் திண்ணை முழுக்க எங்களை மண்டியிட வைத்தது. மாட்டும்போது ஒரு சூட்சுமம் உண்டு. நாலு திருகாணிப் பக்கம் முதலில் கேஸ்கெட் (கசியாமல் அடைக்கிற மெல்லிய தாள்), அதன் மேல் டயாஃப்ரம். ஒரு திருகாணிப் பக்கம் முதலில் டயாஃப்ரம், அதன் மேல் கேஸ்கெட்.

அதையெல்லாம் சரியாகச் செய்தேன். மெஷினில் மாட்டி இழுத்தேன், இழுத்தேன், தோள்பட்டை கழலும்வரை இழுத்தேன். உயிர் வரவில்லை. கார்புரேட்டர் வாயில் நாலு சொட்டு பெட்ரோல் விட்டால் இரண்டு நொடி உறுமும், நின்றுவிடும். மறுபடி நாலு சொட்டு, மறுபடி இரண்டு நொடி. திரும்பக் கழற்றினேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரும்ப மாட்டினேன், அதே கதை. உன் தங்கச்சி வாசலில் வந்து நின்று ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ராத்திரி சாப்பிட்ட பிறகு பையன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். "இந்த ஓட்டை இடது பக்கம் இருக்கு பெரியப்பா. நீங்க வலது பக்கம் வச்சிருக்கீங்க." கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டைத்தான் சொன்னான். நடுவில் பெரிய வட்டம், ஓரத்தில் பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளை வழியாகத்தான் துருத்திக்குக் காற்று. நான் கேஸ்கெட்டைப் புரட்டி வைத்திருக்கிறேன். திருகாணித் துளை இரண்டும் எப்படி வைத்தாலும் பொருந்தும், அந்தச் சின்னத் துளை மட்டும்தான் இடம் மாறும். துருத்தியின் வாயை நானே அடைத்துவிட்டு நாளெல்லாம் கயிறு இழுத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் திருப்பி வைத்தேன். லிட்டருக்கு 25 மில்லி டூ-டி ஆயில் கலந்து புதுப் பெட்ரோல். ஆறாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோதே, செயின் தானாகச் சுற்றியது, ஐடில் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் தளர்த்தினேன், நின்றது. எச் ஸ்க்ரூவை மட்டும் இறுக்கவில்லை. இந்த இன்ஜினுக்கு எண்ணெய் வருவதே பெட்ரோலோடுதானே, பெட்ரோலைக் குறைத்தால் பிஸ்டன் காய்ந்து பிடித்துவிடும். பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்குச் சொல்ல எனக்கும் ஒன்றாவது வேண்டாமா?

வெள்ளிக்கிழமை மரத்தை வெட்டுகிறோம். சாய்க்க வடம் கட்டுவதற்கு நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். குருத்தையும் வண்டு இருக்கிற தண்டையும் அன்றைக்கே எரித்துவிடவேண்டும். அந்த இடத்தில் மறுபடி தென்னையா, எலுமிச்சையா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. நீ என்ன சொல்கிறாய்?

டாக்டர் பயணம் போகலாம் என்றதும் என் தங்கச்சியோடு கிளம்பி வா. பத்து நாளாவது தங்குவது மாதிரி வா.

அன்புடன்,
உன் மச்சான்

பி.கு.: ஸ்பேனரை மறக்காதே. இல்லை, அது உன்னுடையதுதான் என்று சாதிக்கப் போகிறாயா? கைப்பிடியில் என் இனிஷியலை ஆணியால் கீறியிருக்கிறேன், கண் தெளிந்ததும் பார்.